பதினேழாவது வாளி

எங்கள் சந்தில் ஒரு பெரியவர் இறந்துபோனார். கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் தொடங்குமுன் உபதேசியார், "இவருக்குப் பூர்வீகம் எது?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். குழியைச் சுற்றி நாற்பது பேர் நின்றோம். ஒருவருக்கும் தெரியவில்லை. இறந்தவரின் மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். "இந்தச் சந்துதான், வேற எது?" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். உபதேசியார் அதையே சொல்லி ஜெபித்து முடித்துவிட்டார்.

வீடு திரும்பும்போதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் அப்போது ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் வீட்டில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான்தான். சந்திலேயே தபால் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அப்படிப்பட்டவன் கையில் பென்சிலை வைத்துக்கொண்டு, இத்தனை பேரும் ஒவ்வொருவராகக் குழிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாமா என்று தோன்றியது. மறுநாளே நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தப்பு வந்தால் அழிக்க வசதியாக இருக்கட்டும் என்று பென்சிலால் எழுதத் தீர்மானித்தேன். அது எவ்வளவு பெரிய பிசகு என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

சந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பேட்டையிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்குப் போகிற வழியில், நெருக்கிக் கட்டிய தெருக்களுக்கு நடுவே அது இருக்கிறது. ஒரு மாட்டுவண்டி உள்ளே வந்தால், எதிரே வருகிறவர் யார் வீட்டுக்குள்ளாவது ஏறி நின்றுகொள்ள வேண்டும். மொத்தம் பதினேழு வீடுகள். நடுவில் ஒரு கிணறு. கிணற்றை ஒட்டி ஓட்டுக் கூரை போட்ட ஜெபக்கூடம். ஊரார் அதைக் கிணற்றுச் சந்து என்பார்கள். சர்க்கார் காகிதத்தில் அதற்குப் பெயர் கிடையாது, ஒரு நம்பர்தான்.

வருஷத்துக்கு ஒரு தடவை, குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை, கிணற்றைத் தூர் வாருவோம். தண்ணீரை இறைத்து வற்ற வைத்ததும் ஒருவர் கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கி, அடியில் படிந்த சேற்றைக் கூடை கூடையாக அள்ளிக் கொடுப்பார். சேறு போன பிறகு ஊற்றுக்கண் திறந்து புதுத்தண்ணீர் சுரக்கும். அந்தத் தண்ணீரில் வீட்டுக்கு ஒரு வாளி கொடுப்பது வழக்கம். அதற்கு ஒரு வரிசை உண்டு. சந்துக்கு யார் முதலில் வந்தார்களோ அவர்களுக்கு முதல் வாளி. அடுத்து வந்தவர்களுக்கு அடுத்தது. வரிசையை யாரும் எழுதி வைத்ததில்லை. யாரும் மறந்ததும் இல்லை. முதல் வாளி பட்டாளத்து மாமா வீட்டுக்கு. இரண்டாவது முக்குவீட்டு அத்தைக்கு. அப்படியே போய்ப் பதினேழாவது வாளி எங்கள் வீட்டுக்கு வரும். கிணற்றில் இறங்குகிறவரும் எங்கள் அப்பாதான். அவரைச் சந்தில் எல்லாரும் கிணத்துப்புலி என்பார்கள். சின்ன வயதில் எனக்கு அதில் கொள்ளைப் பெருமை.

நோட்டை எடுத்துக்கொண்டு முதலில் பட்டாளத்து மாமா வீட்டுக்குத்தான் போனேன். அவர் முதல் யுத்தத்தில் பஸ்ராவுக்குப் போய் வந்து பென்ஷன் வாங்குகிறவர். மீசையைத் தடவிக்கொண்டு, "எழுதிக்க மருமகனே. நூறு வருசம். ஒரு நாள் கொறையாம நூறு. இந்தக் கிணத்துக்கு மொத மண்வெட்டியப் போட்டது எங்க பாட்டன்" என்றார்.

எழுதினேன். அங்கிருந்து முக்குவீட்டுக்குப் போனேன். முக்குவீட்டு அத்தை கணவனை இழந்தவள். பேட்டையில் காய்கறிக்கூடை வைத்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். அவள் வாய்க்குப் பயந்து, கடன் வசூலிக்க வரும் தண்டல்காரன்கூடச் சுற்றுவழியாகப் போவான்.

"மொதல்ல அந்தப் பஸ்ராக்காரரு என்ன சொன்னாருன்னு வாசி."

வாசித்தேன்.

"நூறா? அப்பம் எங்களுக்கும் நூறு போட்டுக்க. அவுக பாட்டன் மண்வெட்டியப் போட்டாருன்னா, கூடையில மண்ண அள்ளுனது ஆரு? காத்தா வந்து அள்ளிட்டுப் போச்சு?"

"அத்தை, இரண்டாவது வாளிதானே உங்களுக்கு? கொஞ்சம் பிந்தி வந்திருப்பீர்கள்."

"ஒரே மாசம்லே. அவிய காலையில வந்தாக, நாங்க சாயங்காலம் வந்தோம். எழுது."

மூன்றாம் வீட்டில் முந்திய இரண்டையும் வாசிக்கச் சொன்னார்கள். நாலாம் வீட்டில் மூன்றையும். பத்தாம் வீட்டுக்குப் போகும்போது சந்தே எனக்கு முன்னால் போய்ச் சொல்லி வைத்திருந்தது. வரிசையில் பின்னால் இருப்பது வழக்கத்தால் வந்தது, யாரும் அதை மறுக்கவில்லை. ஆனால் எழுத்தில் பின்தங்க ஒருவருக்கும் மனமில்லை. முன்பே சொல்லிவிட்டவர்களும் திரும்ப என் வாசலுக்கு வந்து, "வாத்தியாரே, அறுவதுன்னு சொன்னேன்லா, அத அழிச்சிட்டு நூறுன்னு போடு" என்றார்கள். நானும் அழித்து அழித்து எழுதினேன். யார் மனதையும் நோகடிக்கக் கூடாது என்பதுதான் அப்போது என் எண்ணம்.

எங்கள் வீட்டுப் பக்கத்தைக் கடைசியில் எழுதினேன். அப்பா ராஜபாளையத்தில் பஞ்சாலையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருப்பார், பேச்சும் குறைவு. எப்போதோ ஒரு தடவை, "நம்மாளுக வத்ராப்புப் பக்கம்லே. பஞ்சத்துல வந்தவுக" என்று மட்டும் சொல்லியிருந்தார். அதை வைத்து, 'பஞ்ச காலத்தில் வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து கடைசியாக வந்த குடும்பம்' என்று எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அந்தக் கடைசியாங்கிறத எடுத்துரு, ராசா."

"ஏம்மா? உண்மைதானே?"

"உண்மையா இருந்தா என்ன? எல்லா வீடும் நூறு வருசம்னு போட்டிருக்கே. நம்ம மட்டும் என்ன, நேத்துப் பேஞ்ச மழைக்கு மொளைச்சவுகளா?"

அழித்தேன். 'வீடு சந்தின் கடைக்கோடியில் இருப்பதால் வாளி பதினேழாவதாக வருகிறது' என்று அந்த இடத்தில் எழுதினேன். இரண்டு மூன்று தடவை அழித்ததில் அந்தத் தாள் மட்டும் மெலிந்து, பின்பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிந்தது. நோட்டைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவேன்.

நாலு மாதம் கழித்து நோட்டீஸ் வந்தது. சந்தின் இரண்டு முனையிலும் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒன்றை உரித்தெடுத்து வந்து, கிணற்றடியில் எல்லாரையும் வைத்துக்கொண்டு நான்தான் உரக்க வாசித்தேன். பேட்டையிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் ரோடு போட வேண்டியிருக்கிறது. இந்த இடம் புறம்போக்கு. வீடு கட்டியிருப்பவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். ஆட்சேபணை இருந்தால் விசாரணைக்கு வரும் அதிகாரியிடம் சொல்லலாம்.

"ஆக்கிரமிப்புன்னா என்னலே?" என்றாள் முக்குவீட்டு அத்தை.

"அடுத்தவர் இடத்தில் அத்துமீறி உட்கார்ந்துகொள்வது."

"ஆரு, நாமளா?"

பட்டாளத்து மாமா என் தோளில் கை போட்டார். "ஒருத்தரும் பயப்படாதிய. நம்ம மருமகன் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கான். நூறு வருசம். அந்த நோட்ட எடுத்து அதிகாரி மூஞ்சிக்கு நேரே நீட்டுவோம்." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் எனக்குப் பெருமை வந்திருக்க வேண்டும். ரப்பர் தேய்த்த பக்கங்கள்தான் கண்முன் வந்தன.

விசாரணைக்குத் தாலுகா ஆபீசிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடி வழுக்கிக்கொண்டே இருந்தது. ஜெபக்கூடத்துப் பெஞ்சை வெளியே எடுத்துப் போட்டோம். அவர் நோட்டை வாங்கி நிதானமாகப் புரட்டினார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கடைசிவரை ஒரு பக்கம் விடாமல் படித்தார். எங்கள் வீட்டுப் பக்கத்தைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"எல்லாரும் நூறு வருஷத்துக்கு முன்னாடி, ஒரே மாசத்துல வந்திருக்கீங்க. அது எப்படிய்யா? ரயில்ல வந்து மொத்தமா எறங்கினீங்களா? அப்போ ரயிலே கிடையாதே."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். "தம்பி, இதுல பென்சிலைவிட ரப்பர்தான் அதிகமா வேலை பார்த்திருக்கு. இதை நான் மேலே அனுப்பினா என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. முதல் சர்வே நடந்தபோது இந்த இடத்தைப் புறம்போக்குன்னு போட்டிருக்கு. அதுக்கு முந்தியே நீங்க இங்கே குடியிருந்தீங்கன்னு காட்ட ஒரு காகிதம், ஒரே ஒரு காகிதம் கொண்டாங்க. பத்து நாள் கழிச்சு வர்றேன்."

அவர் போன பிறகு ஒருவரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. முக்குவீட்டு அத்தை மட்டும், "நாமதாம்லே அவன அழிக்க வச்சோம்" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்தப் பத்து நாளில் முதல் ஆறு நாள் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. சபைப் பதிவேட்டைப் பார்த்தேன். ஜெபக்கூடம் கட்டியதே சர்வேக்குப் பிறகு, அதனால் ஏடும் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. முந்திய ஏடுகள் எந்த ஊரில் இருக்கின்றன என்று உபதேசியாருக்கே தெரியவில்லை. வீடு வீடாகப் பெட்டிகளைத் திறந்து பார்த்தோம். கல்யாண ஓலைகள், பட்டாளத்துச் சான்றிதழ், செல்லரித்த ஜெபப்புத்தகம். சர்வேக்கு முந்தி எழுதிய ஒரு வரியும் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நடுவில் நின்றுவிடுவேன். கரும்பலகையில் நான் எழுதியதை நானே மறுபடி மறுபடி சரி பார்ப்பேன்.

ஏழாம் நாள் காலையில் அம்மா என்னைக் கூப்பிட்டாள். தகரப்பெட்டியைத் திறந்து, தன் கல்யாணச் சேலைக்கு அடியிலிருந்து துணியில் சுற்றிய ஒரு மூங்கில் குழலை எடுத்தாள். அதற்குள் சுருட்டிய காகிதம் இருந்தது. விளிம்பெல்லாம் பழுத்து, தொட்டால் உதிர்ந்துவிடும் போலிருந்தது.

"நம்ம வீடு தவிர எல்லா வீட்டுப் பெட்டியையும் தொறந்து பாத்தியல்லா?" என்றாள். "இத உங்கப்பா என்கிட்டக் குடுக்கயில, ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாதுன்னு சொன்னாரு. எழுத்துத் தெரிஞ்சவன் கண்ணுல படவே கூடாதுன்னாரு. நீ பொறக்குமுன்ன சொன்னது."

பிரித்துப் படித்தேன். பழைய கணக்குப்பிள்ளைக் கையெழுத்து. புள்ளி இல்லாமல், சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் ஓடியது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. சாரம் இதுதான்: இந்தச் சந்தில் கிணறு வெட்டிக் குடியிருக்கும் பதினாறு வீட்டாரும் சம்மதித்து எழுதிக் கொடுத்தது. பஞ்சத்தில் வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து வந்த இன்ன குடும்பத்தார் கடைக்கோடியில் வீடு கட்டிக்கொண்டு எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக அவர்களும் அவர்கள் சந்ததியாரும் வருஷா வருஷம் கிணற்றில் இறங்கித் தூர் எடுத்துக் கொடுக்க வேண்டியது. வாளி முறையில் எல்லாருக்கும் பின்னால் வாங்கிக்கொள்ள வேண்டியது. கீழே கையெழுத்துக்குப் பதிலாக, வீட்டு வரிசைப்படி பதினாறு கைக்கீறல்கள். மேலே தமிழ் வருஷமும் மாதமும் இருந்தன. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். சர்வேக்கு நாலு வருஷம் முந்தியது.

சந்தைக் காப்பாற்றக்கூடிய ஒரே காகிதம், கடைசியாக வந்தவர்கள் வீட்டில் இருந்தது. முன்னால் வந்தவர்களுக்கு யாரிடமும் எதையும் எழுதி வாங்க வேண்டியிருக்கவில்லை. கேட்டு வாங்கியவர்களிடம்தான் எழுத்து இருந்தது.

ஆனால் அப்போது எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. 'அவர்கள் சந்ததியாரும்' என்ற சொல்லிலேயே கண் நின்றது. அப்பா கிணற்றில் இறங்கியது தைரியத்தால் அல்ல, கட்டுப்பாட்டால். கிணத்துப்புலி என்று கூப்பிட்டவர்களுக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் எல்லாம் செத்துப்போய்விட்டார்கள். அப்பாவுக்கு மட்டும் தெரியும். இத்தனை வருஷமும் சிரித்துக்கொண்டே கயிற்றைப் பிடித்திருக்கிறார். இந்தக் காகிதத்தை வெளியே எடுத்தால் அடுத்த தூர்வாரும் சனிக்கிழமையிலிருந்து அவர் வெறும் கடமைக்காரர்.

"நீயே ஒரு முடிவு பண்ணிராத," என்றாள் அம்மா. "போயி அவரக் கேட்டுட்டு வா."

பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். மூங்கில் குழலைச் சட்டைக்குள் வைத்து, மேலே கையைக் கட்டிக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "நெஞ்சு வலியா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். வழி முழுக்க அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மில் வாசலில் காவல்காரர் தெலுங்கு பேசுகிறவர். "ஆகு, ஆகு" என்று கையைக் காட்டி நிறுத்தினார். அப்பா பெயரைச் சொல்லி, மகன் என்றேன். உடனே முகம் மலர்ந்து, "வாத்தியார் வேலை பாக்குற பையனா? உங்கப்பா தினம் நாலு தடவை சொல்லுவாரே" என்று ஆள் அனுப்பினார். அதைக் கேட்டதும் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

அப்பா வந்தார். தலைமயிரிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டி, திடீரென்று கிழவராகிவிட்டது போலத் தெரிந்தார்.

"வீட்ல எதும் விசேசமாலே?"

சொன்னேன். குழலை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. மில்லுக்குள் இருந்து வரும் இரைச்சலில் அவர் பேசியது சரியாகக் காதில் விழவில்லை. கிட்டப் போனேன்.

"முழுசும் படிச்சிட்டியா?"

"படிச்சேன்பா."

"எனக்கு எங்கப்பா வாயால சொன்னதுதான். அதுல அப்பிடித்தான் எழுதியிருக்கா?" என்று கேட்டார். "சந்ததியும் எறங்கணும்னு?"

"ஆமா."

புருவத்திலிருந்த பஞ்சை எடுத்து விரலால் உருட்டினார். "நான் ஆசப்பட்டு எறங்குதேன்னுதாம்லே அத்தன பேரும் நெனச்சிக்கிட்டிருக்காக. நானே பாதி அப்பிடித்தான் ஆக்கிக்கிட்டேன். உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு அனுப்புனேன்னு நெனைக்க? நீ எறங்கக் கூடாதுன்னுதான்."

"வேண்டாம்னா சொல்லுங்க. திரும்பப் பெட்டியில் வச்சிருதேன்."

"வச்சிட்டு? பதினேழு வீட்டையும் இடிச்ச பொறவு இந்தக் காயிதத்த வச்சு எந்தக் கிணத்துல தண்ணி கேக்க?" மில் சங்கு ஊதியது. போகத் திரும்பியவர் நின்றார். "கொண்டு போயிக் குடு. ஆனா ஒண்ணு. நீயே வாசி. வேற எவன் வாயாலயும் அது வரக்கூடாது. ஒரு எழுத்து விடாம வாசி."

பத்தாம் நாள் வந்தது. இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன், காலையிலேயே அந்தக் காகிதத்தை நோட்டில் நகல் எடுத்தேன், மையால். அழிப்பதற்கு இடமே கொடுக்கக் கூடாது என்று ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை பார்த்து எழுதினேன்.

கிணற்றடியில் எல்லாரும் கூடியிருந்தார்கள். அம்மா வீட்டு வாசலை விட்டு நகரவில்லை. நான் நின்றுகொண்டு வாசித்தேன். 'கடைக்கோடியில் வீடு கட்டிக்கொண்டு' என்ற இடம்வரை குரல் சரியாக இருந்தது. 'அவர்கள் சந்ததியாரும்' என்ற இடத்தில் வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்துவிட்டேன். நிறுத்தி, மறுபடி அந்த வரியின் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். ஒரு எழுத்து விடவில்லை.

வாசித்து முடித்ததும் முதலில் பட்டாளத்து மாமாதான் வாய் திறந்தார்.

"அப்பம் உங்கப்பன் எறங்குதது...?"

"கட்டுப்பாடு மாமா."

"நான் அவனுக்கு அதுல ஒரு ருசின்னுல்லா நெனச்சிருந்தேன்." முகம் சிவந்துவிட்டது. "எத்தன வருசம் மேல நின்னுக்கிட்டு, இன்னும் அள்ளுலே, இன்னும் அள்ளுலேன்னு சத்தம் போட்டிருக்கேன்."

இன்ஸ்பெக்டருக்கு இது எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காகிதத்தின் மேலே குனிந்துவிட்டார். "பதினாறு வீடு ஏற்கெனவே குடியிருந்து, கிணறு வெட்டி, இன்னொருத்தருக்குத் தண்ணிக்குச் சம்மதம் குடுத்திருக்கு. சர்வேக்கு முன்னாடி. இது போதும்யா. இது போதும்" என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

முக்குவீட்டு அத்தை எட்டிப் பார்த்தாள். "இதுல எங்க வீட்டுக் கீறல் எது?"

"இரண்டாவது. இந்தக் கோணல்மாணலாக இருக்கிறதே, அது."

"அப்பம் நிச்சயமா எங்களுதுதான். எங்க வீட்டுல எவனுக்கு நேராக் கோடு போட வரும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்திலேயே இன்ஸ்பெக்டர் காகிதத்தைக் குழலுக்குள் போட்டு, ஃபைலோடு சேர்த்துக் கட்டி எடுத்துக்கொண்டு புறப்பட்டார். "வேலை முடிஞ்சதும் திருப்பித் தந்துடுவோம்" என்றார். பெற்றுக்கொண்டதாக ஒரு சீட்டு எழுதிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தெரியாதவன் அல்ல நான். சர்க்கார் அதிகாரியிடம் அப்படிக் கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வந்ததில்லை, எனக்கும் வரவில்லை.

ரோடு வரவில்லை. பேட்டைக்கு வடபுறமாகச் சுற்றிக்கொண்டு போக யோசிப்பதாகச் சொன்னார்கள். அந்த யோசனையும் நடக்குமுன் யுத்தம் வந்துவிட்டது. எல்லா வேலையும் அப்படியப்படியே நின்றது. எங்கள் காகிதமும் திரும்பவில்லை. மாதம் ஒரு தடவை தாலுகா ஆபீசுக்குப் போகிறேன். குமாஸ்தா முதலில், "ஃபைல் மேலே போயிருக்கு" என்றார். அப்புறம், "மதுரைக்குப் போயிருக்கு" என்றார். இப்போது என் தலையைக் கண்டதுமே கையை விரிக்கிறார். அந்த இன்ஸ்பெக்டரும் மாற்றலாகிப் போய்விட்டார். யுத்தம் முடிந்ததும் ரோடு மறுபடி கிளம்பினால் என் கையில் இருப்பது ஒரு நகல். அதுவும், ரப்பர் தேய்த்துத் தேய்த்து மெலிந்த நோட்டுக்குள். அழித்து எழுதியவன் கையெழுத்தை இன்னொரு அதிகாரி எதற்காக நம்ப வேண்டும்?

அதனால்தான் அடுத்து வந்த தூர்வாரும் நாளில் நான் பள்ளிக்கூடத்து மைத்தட்டை இரவல் வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். வாளி வாங்க எல்லாரும் வருவார்கள். நகலுக்குக் கீழே ஒவ்வொரு வீட்டாரும், 'இது நாங்கள் காதால் கேட்ட அசல்தான்' என்று பெருவிரல் வைத்துத் தர வேண்டும். மறுக்க நினைக்கிறவர்கள்கூட மற்றவர்கள் முன்னால் மறுக்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

அப்பா முந்திய நாளே ராஜபாளையத்திலிருந்து வந்திருந்தார். தண்ணீரை இறைத்து முடித்ததும் வழக்கம்போல யாரும், "எறங்கு" என்று சொல்லவில்லை. அப்பாவும் கயிற்றைத் தொடாமல் நின்றார். பட்டாளத்து மாமா சட்டையைக் கழற்றி ஜெபக்கூடத்துச் சுவரில் போட்டார்.

"இந்தத் தடவ நான் எறங்குதேன். பஸ்ராவில நான் பாக்காத கிணறா?"

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "பாத்திருப்பிய. எறங்கியிருக்க மாட்டிய. உமக்கு மூணாவது படியிலயே மூச்சு வாங்கும் மச்சான். பொறவு உம்மைத் தூர் எடுக்க நான் எறங்கணும்." எல்லாரும் சிரிப்பதற்குள் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டார். "நீரு கயித்தப் பிடியும். நல்லாப் பிடியும்."

மாமா பிடித்தார். அவர் இதற்கு முன் ஒருபோதும் கயிற்றைப் பிடித்தவர் அல்ல. ஓரமாக நின்று சத்தம் போடுகிறவர். அன்று சத்தமே இல்லை. அப்பா உள்ளே இருந்த நேரம் முழுக்கக் கைவிடாமல் பிடித்திருந்தார். உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. அப்பா கட்டுப்பாட்டுக்காக இறங்கினாரா, தானாக இறங்கினாரா என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை.

வாளி வரிசை மாறவில்லை. முதல் வாளி மாமா வீட்டுக்கு. எப்போதும்போலக் கலங்கலாகத்தான் இருந்தது. தூர் எடுத்த முதல் தண்ணீர் வேறு எப்படி இருக்கும்? பதினேழாவது வாளி வரும்போது தண்ணீர் தெளிந்து, அடியில் ஒரு செப்புக்காசு கிடந்தால்கூடத் தெரிகிற மாதிரி இருந்தது. அம்மா குடத்தைச் சாய்த்துப் பிடித்து வாங்கிக்கொண்டு, முக்குவீட்டு அத்தை காதில் விழும்படியாகவே, "கலங்கல அவிய குடிக்கட்டும்" என்றாள்.

"இம்புட்டு வருசம் இத வாயத் தொறந்து சொல்லாம இருந்தியே ஏட்டி" என்றாள் அத்தை.

வாளி வாங்கியவர்கள் ஒவ்வொருவராக என்னிடம் வந்து ரேகை வைத்தார்கள். யார் முதலில் வைப்பது என்று அங்கேயும் ஒரு தகராறு வந்தது. காகிதத்தில் உள்ள வரிசைப்படிதான் என்று நான் கொஞ்சம் கடுமையாகச் சொன்னேன்; பள்ளிக்கூடத்துக் குரல் வந்துவிட்டது. பதினாறு ரேகைகள் சுத்தமாக விழுந்தன. கடைசியில் அப்பா வந்தார். கடைசி வாளிவரை நிரப்பிக் கொடுத்துவிட்டுக் கிணற்றிலிருந்து ஏறியவர் அப்படியே வந்துவிட்டார். துண்டால் துடைத்துவிட்டுத்தான் வைத்தார். ஆனால் விரல் ஊறிச் சுருங்கிப்போயிருந்தது. மை பரவி, ரேகை ஒன்றும் தெரியாமல் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் விழுந்தது.

"சரியா விழுந்திருக்கா?" என்று கேட்டார்.

"விழுந்திருக்குப்பா" என்றேன்.

நாளைக்கு ஒரு அதிகாரி வந்து, இந்தப் பதினேழாவது பொட்டு யாருடையது என்று கேட்கலாம். கேட்டால் சொல்வதற்காகத்தான் இவ்வளவையும் மையால் எழுதி, அந்த நோட்டோடு சேர்த்துத் தைத்து வைக்கிறேன். பென்சில் பக்கங்களையும் நான் கிழித்துப் போடவில்லை. எங்கள் வீட்டுப் பக்கத்தை வெயிலில் தூக்கிப் பிடித்தால், அழித்த இடத்தில் 'கடைசியாக' என்ற சொல் இப்போதும் தெரிகிறது.